சீட்டு மாறிப்போச்சு

எங்க லாண்டரியில ஒரு சட்டம். துணியில குத்துற பேர்ச்சீட்டு மாறிப்போனா, வாடிக்கைக்காரர் கத்துறதுக்கு முன்னாடி நாமளே மன்னிப்புக் கேக்கணும். அடுத்த அயர்ன் இலவசம். சட்டம் போட்டது நான்தான். அது என் தலையிலயே வந்து விடியும்னு யார் கண்டா?

என் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்தது ஒண்ணே ஒண்ணு. என் ஆறு வயசு வாலுப் பொண்ணுக்கு அத்தைன்னா உசுரு. போன வருஷம் அந்தக் கூடப் பிறந்தவர் வந்து, "அண்ணி, நான் பொண்ணு இல்ல, திருநம்பி. மனசுல எப்பவுமே ஆம்பளதான்"னார். என் நாக்குல சனி உக்காந்திருந்துச்சு. "குழந்தையைக் குழப்பாதே, இந்தப் பக்கம் வராதே"ன்னுட்டேன். அப்புறம் வரவே இல்ல.

அண்ணன்காரர் கெஞ்சிக் கூத்தாடினதுல, இன்னைக்கு நாலு மணிக்கு வரச் சம்மதிச்சார். "பாப்பா பயந்தா வாசலோட திரும்பிடுறேன்"னு செய்தி வேற. வாலுகிட்ட நான்தான் சொல்லியாகணும்.

மூணரைக்கு அவளைக் கடையிலயே பிடிச்சு உக்கார வெச்சேன்.

"உன் அத்தை இனிமே உனக்குச் சித்தப்பா."

"ஏன்?"

ஒரு வாரமா மனப்பாடம் பண்ணின பிரசங்கம் மறந்தே போச்சு. எதிர்ல துணி மூட்டைதான் இருந்துச்சு.

"பிறந்தப்போ வெளியில தெரியறதைப் பாத்துட்டு நாமளா 'பொண்ணு'ன்னு சீட்டுக் குத்திட்டோம்டி. துணிக்கு வாய் இல்ல. மனுஷனுக்கு இருக்கே! 'இது என் சீட்டு இல்ல'ன்னு அவரே சொல்லிட்டார்."

"நான் பொண்ணுதானே?"

"உனக்கு என்ன தோணுது?"

"பொண்ணு. ஆனா முடியை ஒட்ட வெட்டிக்கணும்."

"தாராளமா வெட்டிக்கோ. அது வேற, இது வேற."

"சித்தப்பா இன்னும் விசிலடிப்பாரா?"

"அடிப்பார்."

"அப்போ சரி."

அடிப்பாவி, இவ்வளவுதானா? இதுக்கா நான் ஒரு வருஷம் நடுங்கினேன்?

எழுந்து போனவ திரும்பி வந்தா. "சீட்டுத் தப்பாக் குத்தினா மன்னிப்புக் கேக்கணுமே. நீ கேட்டியா?"

கடை அயர்ன்காரர் பெட்டியை நிமித்தி வெச்சுட்டு வேடிக்கை பார்த்தார். "துணி குவிஞ்சு கிடக்கு, வேலையைப் பாருங்க!"ன்னு அவர்மேல எரிஞ்சு விழுந்தேன்.

சரியா நாலு மணிக்கு வாசல்ல வந்து நின்னார். அரும்பு மீசை, கையில ஒரு பை. உள்ளே கால் வைக்கல.

"சித்தப்பா!" வாலு பாஞ்சு போய்க் கையைப் பிடிச்சுட்டா. "மீசை குத்துமா? அம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்!"

கடையில ரெண்டு வாடிக்கைக்காரங்க வேற. இருந்துட்டுப் போகட்டும்.

"தப்பு என்மேலதான், தம்பி. மன்னிச்சிடுங்க."

அவர் உள்ளே கால் வெச்சார். "தம்பி"ன்னு நான் கூப்பிட்டது இன்னைக்குத்தான் முதல் தடவை.

"அயர்ன் இலவசம்!"னு கூவிக்கிட்டே வாலு பையைப் பிடுங்கி மேசையில கவுத்தா.

ஒரு தண்ணி பாட்டில். திரும்பிப் போற பஸ் டிக்கெட். மாத்துத்துணி ஒண்ணுகூட இல்ல.

வீட்டுக்காரரோட சட்டை ரெண்டை எடுத்து நானே அயர்ன் பண்ணினேன். சீட்டுல "சித்தப்பா"ன்னு வாலு எழுதினா.