கெலா மீன்களும் ஆயுத பூஜையும்

கமலநாதனைப் போல ஒரு பிடிவாதக்காரரை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். எங்கள் நீர்மின் நிறுவனத்தின் முதலாளி. அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில், அணை உலு சிலாங்கூரில். மழைக்காலத்தில் முட்டையிட ஆற்றின் மேல்பக்கம் போகும் கெலா மீன்களுக்காக அணையோரம் படிபோலத் தொட்டி தொட்டியாக ஒரு மீன்வழி கட்டினோம். வரைந்தது நான். மூன்று மாதமாக ஒரு மீன்கூட ஏறவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். டர்பைனிலிருந்து சீறி வரும் தண்ணீரைத்தான் ஆறு என்று நம்பி மீன்கள் அங்கேயே முட்டிக்கொண்டு கிடந்தன. காலையில் மூன்று மணி நேரம் டர்பைனை நிறுத்தினால் மீன்வழி அவற்றின் கண்ணில் படும். பத்து தடவை சொல்லிவிட்டேன்.

"நிறுத்துனா கரண்ட்ட எப்படி விக்கிறது ஷாமினி? மீனா வந்து சம்பளம் போடும்?" என்பார் கமலநாதன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மீன்வழியை மூடிவிடப் போகிறார்கள்.

புதன்கிழமை அணையில் ஆயுத பூஜை. அன்று மட்டும் மனிதர் ஆளே மாறிவிடுவார். காலை ஏழு மணிக்கே டர்பைனை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பத்து மணி வரை யாரையும் தொடவிடமாட்டார். வருடம் பூராவும் உழைக்கிற இயந்திரத்துக்கு ஓய்வாம். நான் கடுப்போடு சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

மீன்வழியின் கேமராத் திரைமுன் உட்கார்ந்திருந்த ஆப்பரேட்டர் லோகன் கூப்பிட்டார். "மேடம், இங்க வாங்க. உங்க மீனு ஏறுது."

ஓடினேன். ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு, ஒன்றன்பின் ஒன்றாகக் கெலா. லோகன் எண்ணியவரை எண்பத்தாறு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

கமலநாதனும் வந்து எட்டிப் பார்த்தார்.

"மூணு மணி நேரம் நிறுத்திட்டோமே பாஸ், எவ்ளோ நட்டம்?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"பூஜைக்கு நிறுத்தினா யாராச்சும் நட்டம் பாப்பாங்களா?"

"அப்ப சீசன் முடியிற வரைக்கும் தினமும் பூஜைன்னு வெச்சுக்கலாம் பாஸ்."

முறைத்தார். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "காலையில மட்டும்தான். மத்த நேரம் ஃபுல்லா ஓடணும். வெள்ளிக்கிழமை மீட்டிங்ல நானே சொல்லிடுறேன்."

லோகன் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தாச்சு பாஸ். மிஷின ஸ்டார்ட் பண்ணட்டா?"

"இரு லா," என்றார் கமலநாதன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் பெருசுக்கு இன்னும் ரெண்டு தொட்டி பாக்கி."