நீண்ட அறிமுகம்

1964இல் சென்னையிலிருந்து பேராசிரியர் ரங்கமணி, ரப்பர் விலை பற்றிய தம் ஆய்வைச் சொல்ல எங்கள் பொருளியல் துறைக்கு வந்திருந்தார். அவரை அறிமுகப்படுத்த விரிவுரையாளர் இயேசுதாசன் எழுந்தார். விருந்தாளியின் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்தவர், ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினார். கரும்பலகை நிறைந்தது; நேரமும் தீர்ந்தது. கேள்விகளும் அவரிடமே வந்தன. ரங்கமணியும் கை தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார். துறைத்தலைவர் நன்றி சொல்ல, கூட்டம் கலைந்தது.

சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில்தான் இயேசுதாசனுக்கு உறைத்தது. "மன்னிச்சிடுங்க சார், உங்களைப் பேசவே விடலையே," என்றார்.

"பரவாயில்லை, நல்லா பேசினீங்க," என்றார் ரங்கமணி, ரசச் சோற்றைப் பிசைந்தபடி. "ஆனா அந்தக் கடைசி முடிவை மட்டும் என்னால ஒத்துக்க முடியலை."

"அது உங்க முடிவுதான் சார்."

"தெரியும். நீங்க சொல்லிக் கேட்டப்புறம்தான் தப்புன்னு பட்டுச்சு."