நான்காம் விதிப்படி துக்கம்

துக்கத்தின் விலை எங்கள் அலுவலகத்தில் ஐம்பது செடி மொய். செடி என்பது எங்கள் நாட்டுப் பணம். மேலதிகாரி வீட்டுத் துக்கம் என்றால் இருநூறு. போக, கறுப்புத் துணி, பஸ் கட்டணம், முழுசாக ஒரு சனிக்கிழமை. கூமாசிச் சந்தையில் துணி விற்றவளுக்குப் பிறந்தவன் நான். எதையும் பேரம் பேசாமல் வாங்கியதில்லை. சாவு வீட்டில் மட்டும் அந்த வித்தை பலிக்காது. பெயரையும் தொகையையும் சேர்த்து மைக்கில் வாசித்துவிடுவார்கள். இருபதை நீட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார யாரால் முடியும்?

கோகோ கொள்முதல் கம்பெனி எங்களுடையது. இருநூற்றுச் சொச்சம் பேருக்கும் சேர்த்து ஒரே வாட்ஸ்அப் குழு. கொட்டையின் புது விலை, லாரி கிளம்பிய செய்தி, பாஸ்டரின் பிரசங்கம், கணக்கு பார்க்கும் டுஃபி ஆன்ட்டியின் பேரனுக்குப் பல் முளைத்த படம், எல்லாம் அதில்தான். எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு சாவு போஸ்டர்கள். ஒரு வெள்ளிக்கிழமை, விலை ஏறிய செய்தி அந்தப் போஸ்டர்களுக்கு அடியில் புதைந்துபோனது. ஒரு கிடங்கில் பழைய விலைக்கே எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்த விவசாயிகள் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதை மீட்க எங்கள் மேனேஜர் க்வார்டெங்கே நேரில் போய்க் கையைப் பிசைய வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் அஃப்ரியே வந்தாள். எந்தச் செய்தி எங்கே போகலாம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், கடவுச்சொல்லை யாரிடம் சொல்லக் கூடாது என்று விதி எழுதுவதுதான் அவள் வேலை. மூன்று மாதம் விதிகள் ஓடிக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நல்ல விதிகள், குறை சொல்ல மாட்டேன். டுஃபி ஆன்ட்டி தன் கடவுச்சொல்லை எழுதிக் கணினியின் நெற்றியில் ஒட்டிவைத்திருந்தாள். அதைக் கிழிக்கச் சொன்னபோதுதான் கொஞ்சம் மனத்தாங்கல். "கிழிச்சுட்டா எப்படிம்மா? நான் மறந்தா இந்த ஆபீஸே படிச்சுச் சொல்லுதே" என்றாள்.

நான்காம் விதி இது: குழுவில் வேலைச் செய்தி மட்டும். பிறப்பு, இறப்பு, பிரசங்கமெல்லாம் கம்பெனி புதிதாகச் செய்வித்த செயலியில், அறிவிப்புப் பலகையில். விரும்புகிறவர்கள் அதைப் போனில் இறக்கிக்கொள்ளலாம். க்வார்டெங் பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். செயலியை விரும்பியவர்கள் நாலு பேர். ஆனால் அடுத்த முறை விலை மாறியபோது மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாக் கிடங்குக்கும் செய்தி எட்டிவிட்டது.

மூன்றாவது மாதம் க்வார்டெங்கின் அம்மா சொந்த ஊரான பெக்வாயில் காலமானார். அவர் லீவு போட்டு ஊருக்குப் போனார். போஸ்டர் அஃப்ரியேயிடம் வந்தது. இந்த ஒன்றை மட்டும் பெரிய குழுவில் போட்டுவிடுங்கள் மேடம் என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"பாஸ் வீட்டுக்கு ஒண்ணு, டிரைவர் வீட்டுக்கு ஒண்ணுன்னா அதுக்குப் பேரு விதி இல்ல, சலுகை" என்றாள். பலகையில் போட்டாள்.

விஷயம் எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டுக் கடையில் ஃபூஃபூக் களியை உருட்டிக்கொண்டே அதைத்தான் பேசினோம். ஆனால் எங்கள் பக்கம் சாவையும் முறைப்படி சொல்ல வேண்டும். காதில் விழுந்ததெல்லாம் சொன்னதாகாது. சொல்லியும் போகாதவன் மேல்தான் பழி. செயலியை இறக்காதவனுக்கோ யாரும் சொல்லவே இல்லை. இந்த நுணுக்கம் முதலில் யாருக்குத் தோன்றியதோ, ஒரு வாரத்தில் ஆபீஸ் முழுக்க நான்காம் விதி மனப்பாடம். பைபிளைக்கூட அப்படி ஒப்பித்ததில்லை.

சனிக்கிழமை பெக்வாயில் கம்பெனிக்கென்று தனிப் பந்தல், நூற்றைம்பது நாற்காலி. உட்கார்ந்திருந்தது அஃப்ரியே ஒருத்தி. அவள் கொடுத்த ஐம்பதை மைக் பிடித்தவன் கம்பெனியின் பேரால் வாசித்தான். மீதிப் பேர் வருவார்களென்று காத்திருந்து, மறுபடியும் அதையே வாசித்தான். சம்பந்தி வீட்டார் க்வார்டெங்கைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

திங்கட்கிழமை எல்லாரையும் கூடத்தில் நிறுத்தினார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஆன்ட்டி, நீங்க எங்கம்மா கையால சாப்பிட்டவங்க."

"வீட்டுக்குள்ளயே அழுதேன் பாஸ். ஆனா சாவுச் செய்தி பலகையிலதான்னு நான்காம் விதி இருக்கே, எங்க போன்ல பலகை இல்லயே. நீங்க கையெழுத்துப் போட்டது. நாங்க மீறலாமா?"

ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவரும் வரி பிசகாமல் ஒப்பித்தார்கள். தன் கையெழுத்தே தன் வாயை அடைத்ததும் அவர் அஃப்ரியே பக்கம் திரும்பினார். விதிகளை இன்றே கிழித்துப் போடுவதாகவும், அவளும் கிளம்பலாம் என்றும் சொன்னார்.

அவள் விதிகள் எழுதிய தாளை அவரிடமே நீட்டினாள்.

"கிழிங்க பாஸ். இவங்க எல்லாரும் அதைத்தான் எதிர்பாக்கறாங்க. பழைய குழு திரும்பி வந்தா, போஸ்டருக்கு மேல பத்துப் பிரசங்கம் விழும். கண்ணுல படலன்னு சொல்லிடுவாங்க. பலகையில யார் திறந்தாங்க, எப்பத் திறந்தாங்கன்னு பேரோட வரும். விரும்பினா சேரலாம்னு எழுதினேன் பாருங்க, அது என் தப்பு. எல்லாரும் சேரணும், திறந்தா சொன்னதாக் கணக்குன்னு மாத்துங்க. அப்புறம் ஒருத்தரும் தப்ப முடியாது."

டுஃபி ஆன்ட்டி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். க்வார்டெங் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். தரகு பார்த்து வளர்ந்த மனிதர். நல்ல சரக்கு கண்ணில் பட்டால் முகம் மாறிவிடும்.

"எழுதும்மா" என்றார். "எழுதிட்டு உன் வேலை உத்தரவையும் நீயே அடிச்சு எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

மதியத்துக்குள் எல்லாருடைய போனிலும் செயலி ஏறியது. போஸ்டர் மறுபடி வந்தது. நேரில் வர முடியாமல் போனவர்கள் வரும் ஞாயிறு நன்றி ஆராதனைக்குள் மொய்யைக் கொடுத்துவிடலாம் என்று அடியில் ஒரு வரி. சாயங்காலம் அஃப்ரியே கணக்கை அச்சடித்துச் சுவரில் ஒட்டினாள். அனுப்பியது இருநூற்றெட்டு பேருக்கு. திறந்தவர்கள் இருநூற்றேழு. பாக்கி ஒன்று, எதிரே என் பெயர். செயலி ஏறிய கையோடு என் போன் ரிப்பேருக்குப் போய்விட்டது. ஞாயிறு தாண்டும்வரை அவசரப்பட வேண்டாமென்று கடைக்காரனிடம் சொல்லியிருக்கிறேன்.