கடைசி அறைக்குக் கேட்கிறதா?

என் நாத்தனாருக்கு எதிலாவது குறை கண்டுபிடிக்காவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. கட்டிடங்களில் தீ அலாரம் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது அவள் தொழில். பொருத்தமான தொழில்தான்.

மறுநாள் எங்கள் புதிய பெண்கள் விடுதியைப் பார்க்கத் தீயணைப்பு அதிகாரி வருவதாக இருந்தது. அவர் சரி என்றால்தான் திறக்க முடியும். "தங்கச்சி ஒரு தடவை பார்த்துடட்டும்" என்றார் என் கணவர். எனக்குச் சுருக்கென்றது. தீப்பிடித்தால் அறிவிக்கும் ஸ்பீக்கர்களைக் கூடவே நின்று மாட்டவைத்தவள் நான். மாடிக்கு ஒன்று, காது கிழியும் சத்தம். இதற்குமேல் என்ன வேண்டுமாம்?

அவள் என்னை மேல்மாடியின் கடைசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கச் சொன்னாள். "கீழேருந்து மைக்ல ஏதாவது பேசுவேன். என்ன பேசினேன்னு வந்து சொல்லுங்க, அண்ணி."

கட்டிடமே அதிர்ந்தது. ஒரு வார்த்தை புரிந்தால்தானே!

இறங்கி வந்து மென்று விழுங்கினேன். "சத்தத்த இன்னும் கூட்டணுமோ?"

"கூட்டினதுதான் தப்பு. டைல்ஸ் போட்ட நடை, எதிரொலிச்சு எல்லாம் குழம்புது. சத்தத்துல தூக்கம் கலையும், சரி. தீப்பிடிச்சா எந்தப் படியில இறங்கணும்னு புரிய வேணாமா? தீ பாதுகாப்பு விதியே அதத்தான் கேக்குது."

கடைக்கு ஆள் அனுப்பிச் சின்ன ஸ்பீக்கர்களை வரவழைத்தாள். நடை நெடுக மாட்டி, ஒவ்வொன்றின் சத்தத்தையும் குறைத்தாள். நடந்து பார்த்தாள், முகம் சுளித்தாள், மறுபடி ஏணியில் ஏறினாள். நான் கொடுத்த டீ ஆறிப்போய்க் கிடந்தது. இன்னும் குடிவராத, யார் பெற்ற பெண்களுக்காகவோ இப்படி உயிரை விடுகிறாளே என்று அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இம்முறை கடைசி அறைக்கு அவள் போனாள். மைக் என் கையில். என்ன பேசுவதென்று தெரியவில்லை. முகத்துக்கு நேரே ஒருநாளும் வராத பேச்சு தானாக வந்துவிட்டது.

"உன்ன வம்புக்காரின்னு நெனச்சேன். இங்க வர்ற பொண்ணுங்க பயமில்லாம தூங்கறதுக்கு நீதான் காரணம். உன்ன நெனச்சா எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு."

இரண்டாம் மாடியிலிருந்து கணவர் ஓடிவந்தார். "கணீர்னு கேட்டுச்சு! ஒரு வார்த்தை விடல!"

அவள் மெதுவாகத்தான் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. சோதனை விஷயத்தில் சொந்த அண்ணனுக்காகக்கூடப் பொய் சொல்லாதவள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சரியா கேக்கல அண்ணி. இன்னொரு தடவை சொல்லுங்க."