ஓடுபாதை ஓரத்து ஆள்காட்டி

விமான நிலையத்தில் அவளுக்கு வெடியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஓடுபாதைப் பக்கம் வந்து உட்காரும் பறவைகளை விரட்டுவது அவள் வேலை. ஒரு மஞ்சள் ஜீப், ஒலிபெருக்கி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச வயர்லெஸ், ஒரு துப்பாக்கி. துப்பாக்கி என்றதும் பதற வேண்டாம், அதில் குண்டு கிடையாது, சத்தம்தான். ஒரு பக்கம் கடலும் மற்ற பக்கமெல்லாம் நகரமும் நெருக்கியதில் அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்த ஒரே புல்வெளி ஓடுபாதை ஓரந்தான். குளிர்காலம் வந்தால் எங்கெங்கிருந்தோ கிளம்பி வருகிற பறவையெல்லாம் வேறு எங்கே போகும்? அவள் தலையில்தான் வந்து விடியும்.

வீட்டில் அவளுடைய தம்பி இருந்தான். ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவன், பறவைப் பைத்தியம் வேறு, அதனால் சின்ன வயதிலேயே கொக்கு என்று ஆகிவிட்டது. போன குளிர்காலத்தில் அவன் மனைவி இறந்துபோனாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்கா வீட்டுக்கு வந்தவன் கூடத்து சோபாவில் படுத்தான். படுத்தவன் படுத்தவன்தான். அழுதானா என்றால் அதுவும் இல்லை. அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதுவிட்டு எழுந்து முகம் கழுவியிருக்கலாம். எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள். சொல்பவர்களுக்கென்ன, வாயா வலிக்கிறது? அவளுக்கும் முதலில் பதறியது, பிறகு கோபம் வந்தது, பிறகு எதுவுமே வரவில்லை, மரத்துப்போய்விட்டது. துணி மடிக்க இடம் வேண்டுமென்றால் அவன் காலை நகர்த்தி வைத்துவிட்டு மடித்தாள்.

அன்று காலை ரோந்து போனபோது, புல்லில் நின்ற ஆள்காட்டிக் குருவிக் கூட்டத்தில் ஒன்று மட்டும் ஒட்டாமல் தனியாக நின்றது. மற்றவற்றுக்குச் சிவந்த அலகு, மஞ்சள் கால். இதற்கு இரண்டும் கறுப்பு. உச்சந்தலையில் கறுத்த தொப்பி, கீழே வெள்ளைப் புருவம். போனில் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். அது என்ன பறவை என்று தெரிந்துகொள்ளும் ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. வீட்டில் பேச விஷயம் தீர்ந்து நாளாயிற்று, இதையாவது அனுப்பிப் பார்ப்போம் என்றுதான்.

உடனே போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்கு இது?"

தம்பி தானாக போன் செய்து பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"எங்க இருக்கும், என் உயிர வாங்க ஓடுபாதை ஓரத்துலதான் நிக்குது. ஏன்டா?"

"இது இந்தப் பக்கம் வந்து பல வருஷம் ஆச்சுக்கா. கூட்டத்த விட்டுட்டு வழி தப்பி வந்திருக்கணும். வெரட்டிடாத. நான் வரேன்."

"நீ வர்றியா?"

"வரேன்னு சொல்றேன்ல. வேலிகிட்ட நின்னா தெரியுமா?"

"நல்லாத் தெரியும். நீ மொதல்ல கிளம்பு."

ஜீப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்படலாமா என்று யோசித்தாள். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் அது சட்டென்று வரவில்லை.

அரிதாக ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் இந்தப் பறவை பார்க்கிற ஆட்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. கொக்கும் பழைய கைப்பழக்கத்தில் அந்தப் படத்தை அவர்களுடைய குழுவில் போட்டுவிட்டான். மத்தியானத்துக்குள் வேலியோரம் எள் போட்டால் எள் விழாது. முழங்கை நீளத்துக்குக் கேமராக்கள். ஒருவர் வீட்டிலிருந்து ஏணியே கொண்டுவந்திருந்தார். ஆபீசில் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்ததாக இன்னொருவர் ஊருக்கே கேட்கும்படி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வெடியக்கா வேலிக்கு உட்புறமாக ஜீப்பை மெதுவாக ஓட்டி முகம் முகமாகப் பார்த்தாள். கொக்கு இல்லை. அந்த உயரத்துக்கு அவன் எந்தக் கூட்டத்திலும் மறைய முடியாது.

"வெடியக்கா, புல்லுல பறவைக் கூட்டம் சேருது. கிளியர் பண்ணிடுங்க," என்றார் வயர்லெஸ்ஸில் கோபுரத்துக்காரர்.

"ஓரமாத்தான் சார் மேயுது. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

இந்த வேலைக்கு வந்த நாள் முதல் அவள் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. தம்பிக்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. வண்டியில் வந்துகொண்டிருப்பான், இரைச்சலில் கேட்டிருக்காது என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். மறுபடி போட்டாள், மறுபடியும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டாள்.

வெயில் இறங்க ஆரம்பித்தது. அந்தப் பறவை பூச்சியைத் தேடி ஓடுவதும் நிற்பதுமாக வந்து வந்து, ஓடுபாதைக்கே ஏறிவிட்டது. பின்னாலேயே மொத்தக் கூட்டமும்.

"அக்கா, இறங்கறதுக்கு ஃப்ளைட் வந்துக்கிட்டிருக்கு. பறவை பாதை மேலயே நிக்குது. என்னதான் பண்றீங்க?"

"கொஞ்சம் பொறுக்க முடியுமா சார்?"

"யாரு பொறுக்கறது? மேல இருக்கறவங்களா?"

கோபுரத்துக்காரர் கெட்டவர் இல்லை. கேட்டதும் நியாயம். அந்த விமானத்துக்குள்ளும் யாராவது யாருக்காவது தம்பியாக இருப்பார்கள். அவள் இறங்கி இன்னொரு தடவை வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு கையைத் தூக்கிச் சுட்டாள்.

கூட்டம் கத்திக்கொண்டே எழும்பிக் கலைந்தது. தனியாக வந்தது தனியாகவே பிரிந்து, வேலியைத் தாண்டி, கடல் பக்கம் போயிற்று.

"அறிவிருக்கா உனக்கு?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பல்வலிக்காரர் கத்தினார். இன்னும் என்னென்னவோ கத்தினார்கள். விமானம் நல்லபடியாக இறங்கியது, அதை யாரும் படமெடுக்கவில்லை. அழுகை வருமா என்று வெடியக்கா சற்று நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. கீழே கிடந்த வெற்றுத் தோட்டாவைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். தம்பி சோபாவில்தான் இருந்தான். ஆனால் உட்கார்ந்திருந்தான். குளித்திருந்தான், தலை வாரியிருந்தான், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பைனாகுலர். வலது காலில் ஷூ. இடது ஷூ தரையில் கிடந்தது, சாக்ஸ் அதற்குள்ளேயே சுருண்டிருந்தது. ஒன்றைப் போட்டு முடித்து இன்னொன்றுக்குக் குனியப் போன இடத்தில் அவன் நின்றுபோயிருந்தான். எந்நேரத்திலிருந்து அப்படி உட்கார்ந்திருக்கிறானோ.

கையில் போன் எரிந்துகொண்டிருந்தது. கடலுக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டு போகும் அந்தப் பறவையின் படம். கீழே, வெடி வைத்தவளைத் திட்டி ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான், போனைக் கவிழ்த்து வைக்கவில்லை.

"இருக்காக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

"நாளைக்கும் இருக்குமா?"

"எங்கடா போகப் போகுது? இருக்கும்."

"அப்ப நாளைக்கு வரேன்."

அவன் கால் நீட்டிப் படுக்கட்டும் என்று அவள் குனிந்து ஷூ லேஸில் கை வைத்தாள். அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இது இருக்கட்டும்க்கா. நாளைக்கு இன்னொண்ண மட்டும் போட்டா போதும்."

அவள் தரையில் உட்கார்ந்து, இரவில் அவிழ்ந்துவிடாதபடி அந்த லேஸுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டாள்.