தமஹாக் எதற்கு?

பிரசவத்துக்கு அக்கா வீடு தேடி வந்த தங்கைக்கு இன்றோ நாளையோ என்றிருந்தது. அக்கா வினோஸ்கேவுக்கோ வீடே இல்லை. போன வாரப் பெருங்காற்று அதைச் சுருட்டி ஆற்றில் போட்டுவிட்டது. அமெரிக்கப் பூர்வகுடிகளான போஹாட்டன் மக்களின் ஊர்களில் வீடு கட்டுவது பெண்கள் பாடு. கூரைப் பாய்கள் முடைந்து தயார். வளைத்து நட முப்பது இளமரங்கள் வேண்டும். கல் கோடரியோடு விடிந்ததிலிருந்து மல்லுக்கட்டியும் நான்குதான் விழுந்தன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவள் புருஷன் மத்தோகின் இடுப்பிலோ இரும்புக் கோடரி பளபளவென்று தொங்கியது. ஆற்றோரம் கோட்டை கட்டிக் குடியேறியிருந்த வெள்ளைக்காரர்களிடம் இரண்டு கூடை சோளம் கொடுத்து வாங்கியது. அந்தச் சோளத்தை விதைத்தவள் யார் என்று கேட்காதீர்கள். பொம்பளை வேலைக்கு எடுத்தால் கோடரியின் வீரியம் போய்விடுமாம், சண்டைக்கு ஆகாதாம். வாங்கி ஒரு மாதமாகிறது, அது ஒரு கொசுவைக்கூட அடித்ததில்லை.

அன்றைக்கென்று பார்த்து, காகிதமும் இறகுப் பேனாவுமாக ஒரு வெள்ளைக்காரன் வந்து சேர்ந்தான். கண்ணில் பட்டதையெல்லாம் காட்டிப் பெயர் கேட்டு எழுதிக்கொள்கிற ஆள். கோடரியைக் காட்டினான். தமஹாக் என்றான் மத்தோகின், நெஞ்சை நிமிர்த்தி. அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் அரைகுறைப் பேச்சில் கேட்டதுதான் தாமதம், மத்தோகின் ஒரு துள்ளு துள்ளி, யாரோ எதிரியின் மண்டையைப் பிளப்பதுபோல் ஆடிக் காட்டினான்.

வினோஸ்கேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாச்சி மழையில் நனையப் போகிறாள், இங்கே கூத்து நடக்கிறது. நேரே போய்க் கோடரியைப் பிடுங்கினாள்.

"தமஹாக்னா வெட்டுறதுக்கானதுன்னு அர்த்தம். கல்லோ இரும்போ, வெட்டணும். வெட்டாம இடுப்புல ஆட்டிக்கிட்டுத் திரியறதுக்கு என்ன பேருன்னு இவரையே கேட்டு எழுதிக்கோ."

பக்கத்து இளமரத்தில் ஓங்கி ஒரு போடு. சாய்ந்தது. அடுத்ததும் சாய்ந்தது. கல்லோடு அரை நாள் போராடுகிற வேலை! ஆறாவது மரம் சாய்ந்ததும் மத்தோகினுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"தள்ளு, ஒண்ணே ஒண்ணு நான் வெட்டிப் பாக்கறேன்."

ஒன்று இரண்டாகி, இரண்டு இருபதானது. அந்த வழியே போன ஆண்கள் கேலி செய்ததெல்லாம் அவன் காதில் விழவே இல்லை. வெள்ளைக்காரன் அந்தத் துள்ளலை மட்டும் படமாக வரைந்துகொண்டு, சொல்லை "டாமஹாக்" என்று கடித்தபடி கிளம்பினான். மரம் வெட்டியதை எழுதினானோ என்னவோ. அவன் ஊரில் அந்தச் சொல் சண்டைக்கோலத்தோடுதான் போய் இறங்கியிருக்கும்.

தூறல் விழும்போது கடைசிப் பாயைக் கட்டினார்கள். அதற்குள் தங்கைக்கு வலி எடுத்துவிட்டது. ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

பிள்ளை வீறிட்ட சத்தம் கேட்டதும் வாசல் பாய் விலகியது. சொட்டச் சொட்ட நனைந்த மத்தோகின் தலையை நீட்டினான். ஆணா பெண்ணா என்று அவன் கேட்கவில்லை.

"உள்ள எங்கயாவது ஒழுகுதா?"

ஒரு சொட்டுகூட இல்லை என்று சொல்லும்போது வினோஸ்கேவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.