செங்கல்காரி

தவமணி வாளித் தண்ணீரை மாடிப்படியில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு பிள்ளை வீரிட்டாள். அவ்வளவுதான், அடுத்தடுத்து வகுப்பே அலறியது. இந்த வாரம் இது இரண்டாம் தடவை.

ஈப்போ புறநகரின் அந்தப் பெண்கள் பள்ளியில் செங்கல்காரிப் பேயைத் தெரியாதவர்கள் இல்லை. தலையில் சும்மாட்டோடு மூன்றாம் மாடி நடையில் நிற்பாளாம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னதுகளுக்குச் சொல்லிச் சொல்லியே அவள் கதைக்கும் பள்ளிக்கூடத்து வயதில் முக்கால்வாசி ஆகிவிட்டது.

அவள் தவமணியின் அம்மா என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அந்த மாடி கட்டச் செங்கல் சுமந்தபோது சாரம் முறிந்து விழுந்து செத்தவள் ராசம்மா. கான்டிராக்டர் சவப்பெட்டி வாங்கிக் கொடுத்ததோடு சரி. அப்போது தவமணிக்கு நாலு வயது. முகம் நினைவில்லை, வீட்டில் ஒரு படமும் இல்லை. அம்மா இருக்கிற இடம் இதுதான் என்றே இத்தனை வருடமாக இங்கே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

கூட வேலை செய்யும் ரொகாயா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அக்கா, நீ தெனம் அங்கதான கழுவுற. ஒண்ணுமே பாத்ததில்லையா?"

"எனக்கெல்லாம் எங்க மூஞ்சியக் காட்டுவா? நேத்து வந்த பிள்ளைங்களுக்குக் காட்டுறா. கொடுத்து வச்சதுங்க."

"ஐயோ, வாயக் கழுவு! பேயப் பாக்க ஆசப்படுற மொத ஆளு நீதான்."

தவமணி சிரிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

மறுநாள் காலையில் தலைமையாசிரியை புவான் ஹஸ்னா பள்ளிவாசல் உஸ்தாத்தை அழைத்து வந்தார். ஆண்டுவிழாவுக்குள் பேயை விரட்டியாக வேண்டும். உஸ்தாத் உப்பிலும் மிளகிலும் ஓதி, மாடியில் மூலை விடாமல் தூவச் சொன்னார். ஆசிரியைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தவமணி, நீ போ. உனக்குத்தான் பழகின இடம்," என்றார் புவான்.

"வேணாம் புவான். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே."

"பிள்ளைங்க மயங்கி விழறாங்க. இருந்துட்டுப் போகட்டுமா?"

"அது வந்து புவான்... அது எங்க..."

"என்ன வழவழன்னு?" என்றான் துப்புரவுக் கம்பெனி சூப்பர்வைசர் குணாளன். "முடியாதுன்னா சொல்லு, நாளைக்கே வேற ஆளப் போட்டுக்கறேன்."

சொன்னால் செய்பவன். வேலை போனால் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது. அப்புறம் அம்மா மேலே இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தவமணி உப்புக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

படிக்குப் படி தூவினாள். நடைக் கோடிக்கு வந்ததும் கிண்ணத்தை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"என் கையாலயே போட வச்சுட்டாங்கம்மா. கோச்சுக்காத. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ மூஞ்சியக் காட்டிட்டுப் போயேன்."

சுவரில் வெயில் அடித்தது. நின்று பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

"கோடி மூலையில போட்டாச்சா?" கீழேயிருந்து புவானின் குரல்.

கடைசிப் பிடியையும் எறிந்தாள். "போட்டாச்சு புவான்."

மண்டபத்தில் ஆண்டுவிழா ஒத்திகை தொடங்கியிருந்தது. ஒரு மாணவி மைக்கில் பள்ளியின் வரலாற்றை வாசித்தாள். நிலம் கொடுத்த சீன முதலாளி தௌகே, அடிக்கல் நாட்டிய அமைச்சர், வரிசையாகத் தலைமையாசிரியைகள். மூன்றாம் மாடியைக் கட்டியவர் என்று கான்டிராக்டரின் பெயரைச் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அது ஓயும் வரை தவமணி மேலேயே நின்றாள்.